கூச்சப்பட்ட ஊற்று

கருங்குன்றுக் காட்டின் கிழக்குப் பக்கம் ஒரு பெரிய ஆறு ஓடியது. யானை, காட்டெருமை, புள்ளிமான் என்று கூட்டம் கூட்டமாக எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். கோடையில் ஆறு வற்றினால் யானைகள் மணலைத் தோண்டும். தண்ணீர் வரும். மற்றவர்கள் பின்னாலேயே போய்க் குடித்துவிட்டு வருவார்கள். தண்ணீரைப் பற்றி உட்கார்ந்து யோசிக்கும் அவசியம் அங்கே யாருக்கும் வந்ததில்லை.

மேற்குப் பக்கம் அப்படி இல்லை. அங்கே வெறும் முள்ளும் பாறையும்தான். ஒரு குன்றுக்கு ஒன்று என்று அங்கங்கே சின்னச் சின்ன ஊற்றுகள். ஒவ்வோர் ஊற்றையும் நம்பி நாலைந்து முயல்கள், ஒரு காட்டுப்பன்றிக் குடும்பம், ஒரு சருகுமான், கொஞ்சம் காடைகள் பிழைத்தார்கள். யானைகள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. ஒரு யானையின் ஒரு வாய்க்கே அந்த ஊற்றுகள் காணாது.

ஊற்றின் கண் சேற்றால் அடைத்துக்கொண்டால் என்ன செய்வது? செதிலனைக் கூப்பிடுவார்கள். அவனை விட்டால் அந்தப் பக்கத்தில் வேறு ஆள் இல்லை.

செதிலன் ஓர் அலங்கு. உடம்பெல்லாம் ஓடு வேய்ந்த மாதிரிச் செதில். நீளமான மூக்கு. முன்னங்காலில் மண்வெட்டி போன்ற நகங்கள். மண்ணை முகர்ந்து பார்த்தே, ஈரம் எந்தப் பக்கம் ஒளிந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான்.

ஊற்று நின்றுபோனால், கரிச்சான் என்ற இரட்டைவால் குருவி செதிலனைத் தேடிப் பறந்து வரும். அந்தக் கரிச்சானுக்கு வாய் ஒரு நிமிடம் சும்மா இருக்காது. காலையில் ஒரு குன்றில் கேட்ட சேதியைச் சாயங்காலத்துக்குள் எல்லாக் குன்றிலும் போட்டு உடைத்துவிடுவான். அவன் வந்து, “அண்ணே, கூப்பிடுறாங்க” என்று சொன்னால் போதும். எங்கே, எவ்வளவு தூரம் என்று செதிலன் கேட்க மாட்டான். எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவான்.

போய்ச் சேர்ந்ததும் மளமளவென்று வேலை நடக்கும். அழுகிய இலைகளை அள்ளுவான். சேற்றைத் தோண்டிப் பள்ளத்துப் பக்கமாகத் தள்ளுவான். பன்றிகள் புரளுவதற்குக் கீழே தனியாக ஒரு குழி வெட்டுவான். குடிக்கிற குழி வேறு, புரளுகிற குழி வேறு என்று ஒவ்வொரு முறையும் திட்டித் திட்டிச் சொல்வான். கடைசியாகப் பாறை இடுக்கில் இருக்கும் ஊற்றுக்கண்ணைத் திறந்துவிடுவான்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அடைபட்ட ஊற்றைத் திறந்தவர்தான் முதல் மடக்குக் குடிக்க வேண்டும். எவ்வளவு தாகமாக இருந்தாலும் மற்றவர்கள் சுற்றி நின்று காத்திருக்க வேண்டும். அன்றைக்கு ஒருநாள் செதிலன் எல்லோருக்கும் சொந்தக்காரன். முயல்களுக்கு மாமா. பன்றிகளுக்குப் பங்காளி. சருகுமானுக்கு அண்ணன்.

அந்த ஒரு மடக்கை அவன் எவ்வளவு நேரம் குடிப்பான் தெரியுமா! தண்ணீர் வாய்க்குள் போனதா என்றே சந்தேகமாக இருக்கும். அவனுக்குத் தாகம் ஒன்றும் கிடையாது. தலையை நிமிர்த்தினால் கூட்டம் கலைந்துவிடும் என்று அவனுக்குத் தெரியும்.

கலைந்தும்விடும். எல்லோரும் வயிறு நிறையக் குடித்துவிட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவரவர் புதருக்குப் போய்விடுவார்கள். செதிலன் மட்டும் ஈர மண்ணில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பான். பிறகு எழுந்து தன் பொந்துக்கு நடப்பான். அந்தப் பொந்தில் அவனைத் தவிர யாரும் இல்லை.

அலங்குகள் கூட்டமாக வாழ்வதில்லை. குட்டியாக இருந்தபோது செதிலன் அம்மாவின் வால்மேல் ஏறிப் படுத்துக்கொண்டு காட்டையே சுற்றியிருக்கிறான். வால் தாங்காத அளவுக்கு வளர்ந்த அன்று அம்மா இறக்கிவிட்டாள். அதற்குப் பிறகு யாரும் அவனை எங்கேயும் கூட்டிக்கொண்டு போனதில்லை. வேலைக்குக் கூப்பிட்டால்தான் உண்டு.

ஒருமுறை ஈச்சம்பள்ளத்து ஊற்றை மிக நன்றாகச் சரிசெய்துவிட்டான். எப்படி என்றால், கண்ணைச் சுற்றிக் கூழாங்கற்களை நெருக்கமாக அடுக்கி, அதைச் சுற்றிப் பருமணல் நிரப்பினான். தண்ணீர் கற்களின் இடுக்கு வழியாக வரும். சேறு மணலோடு நின்றுவிடும். பலநாள் யோசித்துக் கண்டுபிடித்த வேலை அது. செதிலனுக்கே பெருமை தாங்கவில்லை.

அதற்கு அடுத்த கோடையில் ஈச்சம்பள்ளத்திலிருந்து யாரும் கூப்பிடவில்லை. அதற்கு அடுத்த கோடையிலும் இல்லை.

ஒருநாள் அந்தப் பக்கமாகப் போனவன், மனசு கேளாமல் ஊற்றடிக்குப் போனான். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. குடித்துக்கொண்டிருந்த முயல் ஒன்று நிமிர்ந்து பார்த்தது.

“ஊத்து நல்லாத்தானே இருக்கு மாமா. எதுக்கு வந்தீங்க?”

அந்த முயலுக்கு எந்தக் கெட்ட எண்ணமும் கிடையாது. கேட்க வேண்டியதைக் கேட்டது. செதிலன், சும்மா இந்த வழியாகப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினான். ஆனால் அந்தக் கேள்வி முள்ளாகக் குத்திக்கொண்டே கூட வந்தது. ஊற்று நன்றாக இருந்தால் தனக்கு அங்கே வேலையில்லை. வேலையில்லை என்றால் தனக்கு அங்கே இடமும் இல்லை. அப்படித்தான் அவன் புரிந்துகொண்டான்.

அடுத்ததாக ஆவாரங்குழியிலிருந்து அழைப்பு வந்தது. செதிலன் போனான். இலையை அள்ளினான், சேற்றைத் தள்ளினான். எல்லோரும் வழக்கம்போலச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இனிக் கூழாங்கல் அடுக்க வேண்டியதுதான் பாக்கி. செதிலன் கையை நிறுத்தினான்.

“எல்லாரும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க” என்றான்.

“ஏன் அண்ணே?” என்று கேட்டாள் நெல்லி. அவள்தான் ஆவாரங்குழியின் சருகுமான். முயலைவிடக் கொஞ்சம்தான் பெரியவள். ஒரு சருகு விழுந்தால்கூடப் பயந்து நடுங்குவாள்.

“கண்ணைத் திறக்கும்போது யாராவது பார்த்தா ஊத்துக்குக் கூச்சம் வந்துடும். உள்ளே போயிடும். அப்புறம் வரவே வராது.”

எங்கிருந்து அந்தப் பேச்சு வாயில் வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. சிரித்துவிடுவார்களோ என்று பயந்தான். யாரும் சிரிக்கவில்லை. முதலில் திரும்பி நின்றவள் நெல்லி. அப்புறம் முயல்கள். அப்புறம் மூக்காண்டி என்ற காட்டுப்பன்றி, தன் பெண்டாட்டி பிள்ளைகளோடு. எல்லா முதுகும் அவனைப் பார்த்தபடி நின்றன.

செதிலன் கற்களை வைத்தான். நெருக்கமாக வைக்கவில்லை. ஒரு வருடத்துக்குத் தாங்குகிற மாதிரி, இடைவெளி விட்டு வைத்தான். ‘வருஷத்துக்கு ஒருமுறை கூப்பிட்டால் போதும். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பிறகு முதல் மடக்கைக் குடித்தான். அன்றைக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் குடித்தான்.

அதிலிருந்து எல்லா ஊற்றிலும் அதே பேச்சுதான், அதே வேலைதான். அழைப்புகள் தவறாமல் வந்தன. கோடை முழுவதும் செதிலனுக்கு நடக்கவே நேரம் சரியாக இருந்தது.

ஒரு பொய்யைச் சொன்னவன் மறந்துவிடலாம். நம்பியவர்கள் மறப்பார்களா? தாய்மார்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ஊற்றுக்கண்ணைக் குறுகுறுவென்று பார்த்த முயல்குட்டிகளுக்கு அடி விழுந்தது. மூக்காண்டி ஒருபடி மேலே போனான். குடிக்கும்போதுகூட ஊற்றைப் பார்ப்பது மரியாதை இல்லை என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு குடித்தான். இரண்டு தடவை தலைகுப்புறக் குழிக்குள் விழுந்தான். அப்போதும் கண்ணைத் திறக்காமலே மேலே ஏறி வந்தான். அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டான் வேறு!

செதிலனுக்கு இதெல்லாம் காதில் விழும். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கொஞ்சம் பயம் வந்தது. பிறகு அதைப் பற்றி நினைப்பதையே விட்டுவிட்டான்.

ஒரு கோடை வந்தது. அப்படி ஒரு கோடையை அந்தக் காடு கண்டதில்லை. பாறை எல்லாம் தோசைக்கல்லாகக் காய்ந்தது. செதிலன் வெகுதூரத்தில் இருந்த கள்ளிமேட்டு ஊற்றுக்குப் போயிருந்தான். கண்ணைத் திறக்கும் நேரத்தில் மேலே இருந்த கல் ஒன்று சரிந்து அவனுடைய வலது முன்னங்கால்மேல் விழுந்தது. நகம் ஒன்று வேரோடு பிய்ந்துபோனது. கால் வீங்கிவிட்டது.

அந்த வலியோடும் ஊற்றைத் திறந்துவிட்டான். கள்ளிமேட்டுக்காரர்கள் சுற்றி நின்று, ஐயோ பாவம் என்றார்கள். அவன் முதல் மடக்கைக் குடித்ததும், அவர்களும் குடித்துவிட்டுப் போனார்கள். நல்லவர்கள்தான். ஆனால் அவரவர் வீட்டில் அவரவர் பிள்ளைகள் இருந்தார்கள். செதிலன் பக்கத்தில் ஒரு பழைய பொந்துக்குள் தவழ்ந்துபோய்ப் படுத்துக்கொண்டான். காலை நக்கிக்கொண்டே வெளியே பார்த்தான். வெயிலைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

கரிச்சான் வந்தது அப்போதுதான்.

“அண்ணே, ஆவாரங்குழியில கூப்பிடுறாங்க. ஊத்து சுத்தமா நின்னுபோச்சு.”

செதிலன் எழுந்திருக்கப் பார்த்தான். கால் ஊன்ற முடியவில்லை. அப்படியே விழுந்தான்.

கரிச்சான் சேதியை எல்லாம் கொட்டினான். தண்ணீர் நின்றதும் மூக்காண்டி குடும்பமும் முயல்களும் ஆற்றைத் தேடிப் புறப்பட்டுவிட்டார்களாம். நெல்லி மட்டும் போகவில்லையாம். அவளுக்கு இப்போதுதான் குட்டி பிறந்திருக்கிறது. அந்தக் குட்டியால் அவ்வளவு தூரம் நடக்க முடியாது. ஆற்றுக்குப் போகும் வழியில் செந்நாய்கள் வேறு சுற்றுகின்றன. “அண்ணன் எப்படியும் வருவாரு” என்று சொல்லிக்கொண்டு, குட்டியை ஆவாரம்புதருக்குள் படுக்கவைத்துக் காத்திருக்கிறாளாம்.

“என்னால வர முடியாதுப்பா. அவளையே தோண்டச் சொல்லு” என்றான் செதிலன். இலையை அள்ள வேண்டும், பாறையின் அடிப்பக்கமாகத் தோண்ட வேண்டும், மண்ணைப் பள்ளத்துப் பக்கம் தள்ள வேண்டும் என்று எல்லாவற்றையும் சொல்லி அனுப்பினான். கூழாங்கல்லைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

போன கரிச்சான் சீக்கிரமே திரும்பி வந்தான். வந்த வேகத்தில் இறக்கை படபடவென்று அடித்துக்கொண்டது.

நெல்லி தோண்டினாளாம். ஊற்றுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, பின்னங்காலால் தோண்டினாளாம்! கொஞ்சம் மண் வெளியே போனது. மீதி மண் முழுவதும் குழிக்குள்ளேயே விழுந்தது. அவளாவது பரவாயில்லை, சின்னக் கால். மூக்காண்டி புறப்படுவதற்கு முன்னால் இதே மாதிரிப் பின்பக்கமாக நின்று உதைத்திருக்கிறான். அவன் உதைத்த உதையில் மேட்டு மண் சரிந்து, கசிந்துகொண்டிருந்த கண்ணும் மூடிப்போனது. அதனால்தான் எல்லோரும் கிளம்பினார்கள்.

“திரும்பிப் பார்த்துத் தோண்டுடின்னு எவ்வளவோ சொன்னேன்” என்றான் கரிச்சான். “பார்த்தா ஊத்து உள்ளே போயிடுமாம். மாட்டவே மாட்டேங்கிறா. நீங்கதானே அப்படிச் சொன்னீங்க அண்ணே?”

செதிலனுக்குப் பகீர் என்றது.

உண்மையைச் சொல்ல வாய் திறந்தான். திறந்த வாய் அப்படியே நின்றது. கேட்கிறவன் கரிச்சான். இவனிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் மேற்குப் பக்கம் முழுவதும் தெரிந்துவிடும். எல்லோரும் தாங்களே ஊற்றைத் திறந்துகொள்வார்கள். தங்களை எவ்வளவு நாள் முட்டாளாக்கினான் என்று பேசுவார்கள். அப்புறம் யார் கூப்பிடுவார்கள்? இந்தப் பொந்து மாதிரி ஒரு பொந்தில் இப்படியே கிடந்து காலம் தள்ள வேண்டியதுதான்.

அதனால் ஒரு தந்திரம் செய்தான்.

“நெல்லி மட்டும் பார்க்கலாம். இந்த ஒரு தடவை மட்டும். நான் உத்தரவு கொடுத்தேன்னு சொல்லு” என்றான்.

கரிச்சான் மறுபடியும் பறந்தான். செதிலன் தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்துக்கொண்டு படுத்திருந்தான். ஆனால் மனசு நிம்மதியாக இல்லை. வெயில் ஏறியது. நிழல் சுருங்கி, மறுபடியும் நீண்டது. கரிச்சான் வரும்போது சூரியன் சாய்ந்திருந்தது.

இந்த முறை அவன் படபடக்கவில்லை. பொந்துக்கு எதிரே ஒரு கிளையில் மெதுவாக உட்கார்ந்தான்.

“அவ கேட்கிறா அண்ணே. உத்தரவு கொடுக்க வேண்டியது ஊத்துதானே, அண்ணன் எப்படிக் கொடுப்பாருன்னு. நான் பார்த்து, ஊத்து உள்ளே போயிட்டா, அந்தப் பாவம் என் பிள்ளை தலையிலதான் விடியும்னு அழுறா.”

செதிலன் பொந்து வாசலுக்குத் தவழ்ந்து வந்தான்.

“தண்ணி இல்லாம அவளுக்குப் பால் வத்திப்போச்சு. குட்டி காலையில கத்திக்கிட்டு இருந்துச்சு. நான் கிளம்பும்போது கத்தல. தலையைத் தூக்கவும் இல்ல.”

செதிலன் தலையை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டான். வாலைச் சுற்றிக்கொண்டான். பயம் வந்தால் அலங்குகள் உருண்டையாகச் சுருண்டுகொள்ளும். சுருண்டுவிட்டால் புலியால்கூட ஒன்றும் செய்ய முடியாது. நகத்தால் கீறிப் பார்த்துவிட்டுப் போய்விடும். ஆனால் கரிச்சான் புலி இல்லை. அவன் கீறவும் இல்லை, போகவும் இல்லை. பதிலுக்காக உட்கார்ந்திருந்தான்.

உள்ளே இருட்டாக இருந்தது. தன் மூச்சு தனக்கே கேட்டது. தலையைத் தூக்காத ஒரு சின்னக் குட்டி செதிலனின் கண்ணுக்குள்ளேயே கிடந்தது. பாலுக்குக்கூட எழுந்திருக்காத குட்டி. தான் சொன்ன ஒரு சொல்லுக்காக.

உருண்டைக்குள்ளிருந்து குரல் வந்தது.

“ஊத்துக்குக் கூச்சமும் இல்ல, வெட்கமும் இல்ல. நான் சொன்னது பொய். எல்லாரும் கத்துக்கிட்டா என்னைக் கூப்பிட ஆளில்லாமப் போயிடும்னு எனக்குத்தான் பயம்.”

கரிச்சான் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். பிறந்ததிலிருந்து அவன் பேச்சில்லாமல் நின்றது அன்றைக்குத்தான்.

செதிலன் சுருளை விட்டு வெளியே வந்தான். வலிக்கிற காலாலேயே தரையில் குழி தோண்டிக் காட்டினான். பாறையைப் பார்த்தபடி நிற்க வேண்டும். முன்னங்காலால் மண்ணைப் பள்ளத்துப் பக்கம் தள்ள வேண்டும். வெள்ளைக் களிமண் வந்ததும் அதற்கு இடது பக்கம் கண் இருக்கும். கண்ணை மூடியிருக்கும் மண்ணை மூக்கால் விலக்கினால் போதும். பிறகு கூழாங்கல், நெருக்கமாக. பிறகு பருமணல். எதையும் மறைக்கவில்லை.

“போ. யாருகிட்ட வேணாலும் சொல்லிக்கோ. ஆனா முதல்ல அவகிட்டச் சொல்லு.”

கரிச்சான் போனான்.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. செதிலன் பொந்து வாசலில் மூக்கை வைத்துக்கொண்டு வானத்தையே பார்த்தான். குட்டி பிழைத்ததா இல்லையா என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. கேட்கவும் ஓர் ஆள் இல்லை. முன்பெல்லாம் தனியாக இருந்தபோது, யாராவது கூப்பிடுவார்கள் என்று ஒரு நினைப்பாவது துணைக்கு இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

அதற்குமேல் அவனால் படுத்திருக்க முடியவில்லை. அடிபட்ட காலைத் தூக்கிக்கொண்டு, மூன்று காலால் கிளம்பினான். நடந்தான், விழுந்தான், முள்ளில் உரசினான், மறுபடியும் நடந்தான். யாரும் கூப்பிடாமல் அவன் ஓர் ஊற்றைத் தேடிப் போனது, ஈச்சம்பள்ளத்துக்குப் பிறகு இதுதான்.

ஆவாரங்குழியில் யாரும் இல்லை. முயல்கள் இல்லை, பன்றிகள் இல்லை. ஊற்று மட்டும் இருந்தது. குழியில் தண்ணீர் நின்றது. கண்ணைச் சுற்றிக் கூழாங்கற்கள் இருந்தன. கோணல்மாணலாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, ஆனால் நெருக்கமாக. கற்களின் இடுக்கில் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது.

செதிலன் ஆவாரம்புதரைப் பார்த்தான். பார்க்கவே பயமாக இருந்தது.

நெல்லி படுத்திருந்தாள். அவளுடைய முன்னங்குளம்புகள் தேய்ந்து ரத்தம் கட்டியிருந்தன. அவள் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒரு குட்டி இருந்தது. எலும்பும் தோலுமாக இருந்தது. ஆனால் சப்புச் சப்பென்று பால் குடிக்கிற சத்தம் கேட்டது.

செதிலன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

நெல்லி எழுந்து வரவில்லை. திட்டவும் இல்லை. அவனையும் அவன் காலையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். தண்ணீர் குடித்துக்கொள்ளச் சொன்னாள். அவன் வேண்டாம் என்று தலையாட்டினான். தப்புச் செய்துவிட்டேன் என்றான். தெரியும் என்றாள்.

போகலாம் என்று அவன் எழுந்தபோதுதான் அவள் கேட்டாள்.

“ரெண்டு நாள் உங்க கூட இருந்துட்டுப் போறேன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நாங்க வேணாம்னா சொல்லியிருப்போம்? எதுக்கு அண்ணே ஊத்தை மறைச்சீங்க?”

கேட்கலாம் என்றே அவனுக்குத் தோன்றியதில்லை. அப்படியும் கேட்கலாம் என்பது அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது. ‘இரு’ என்று அன்றைக்கு நெல்லி சொல்லவும் இல்லை. எப்படிச் சொல்லுவாள்? சாகக் கிடந்தது அவள் பிள்ளை.

செதிலன் நொண்டிக்கொண்டே ஒவ்வோர் ஊற்றாகப் போனான். கரிச்சான் எல்லா இடத்திலும் முன்பே சொல்லியிருந்தான். ஆனாலும் செதிலன் தன் வாயால் சொன்னான். எல்லோரையும் ஊற்றைப் பார்த்து நிற்கவைத்தான். கல்லை எப்படி அடுக்குவது என்று காட்டினான். அவர்களையே அடுக்கவைத்தான். அடுக்கியதைப் பிரித்துப்போட்டு, மறுபடியும் அடுக்கச் சொன்னான்.

சிலர் சிரித்தார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆற்றங்கரையிலிருந்து திரும்பி வந்த மூக்காண்டிக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு குடித்ததெல்லாம் அவனுக்கு நினைவு வந்ததோ என்னவோ! செதிலனைக் குன்றுக்கு அந்தப் பக்கம் வரை துரத்திவிட்டுத்தான் நின்றான்.

யாரும் அவனுக்கு முதல் மடக்குக் கொடுக்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

மழை வந்தது, போனது. பனி வந்தது, போனது. கோடையும் வந்தது. எந்த ஊற்றும் அடைபடவில்லை. கொஞ்சம் சேறு சேர்ந்தால் அந்தந்த ஊற்றுக்காரர்களே பார்த்துக்கொண்டார்கள். மேற்குப் பக்கத்தில் அந்த வருடம் யாரும் தாகத்தோடு ஆற்றைத் தேடிப் போகவில்லை.

செதிலன் தன் பொந்தில் இருந்தான். கால் ஆறிவிட்டது. பிய்ந்துபோன நகம் முளைக்கவில்லை. காலையில் எழுவான், வாசலில் உட்காருவான், வானத்தைப் பார்ப்பான். கரிச்சான் சில நாள் தலைக்குமேலே பறந்து போவான். இறங்க மாட்டான். சொல்ல அவனிடம் சேதி ஒன்றும் இருக்காது. ஊற்றுகள் எல்லாம் நன்றாக ஓடுகின்றன என்பது செதிலனுக்குச் சந்தோஷம்தான். அந்தச் சந்தோஷத்தையும் அவன் தனியாகத்தான் பட வேண்டியிருந்தது.

ஒருநாள் காலையில் கரிச்சான் இறங்கி வந்து எதிரே உட்கார்ந்தான்.

“அண்ணே, ஆவாரங்குழியில கூப்பிடுறாங்க.”

செதிலன் விருட்டென்று எழுந்தான். “கண்ணு அடைச்சுக்கிச்சா?”

“இல்லையே.”

“தண்ணி கலங்குதா? பன்றிங்க குடிக்கிற குழியில இறங்கிட்டாங்களா?”

“அதெல்லாம் இல்ல. ஊத்து நல்லா இருக்கு. நெல்லிதான் உங்களை வரச் சொன்னா.”

“எதுக்கு?”

“சும்மாதான்.”

செதிலனுக்குப் புரியவில்லை. வேலை இல்லாத இடத்துக்கு எப்படிப் போவது, போய் என்ன செய்வது, கையை எங்கே வைத்துக்கொள்வது? இன்னொரு முறை கேட்டான். கரிச்சானுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

“ஒரு வேலையும் இல்ல அண்ணே! வயித்தை மட்டும் காலியா வெச்சுக்கிட்டு வருவீங்களாம். நீங்க என்ன சாப்பிடுவீங்கன்னு போன வாரம் என்கிட்ட விசாரிச்சா. கறையானும் எறும்பும்னு சொன்னேன். குட்டியைக் கூட்டிக்கிட்டு அலைஞ்சு திரிஞ்சு, ஒரு பெரிய கறையான் புத்தாப் பார்த்து வெச்சிருக்கா. வேற யாரும் கலைச்சுடக் கூடாதுன்னு அந்தக் குட்டி அங்கேயே காவலுக்கு நிக்குது.”

எத்தனையோ ஊற்றுகளில் எத்தனையோ பேர் செதிலனைச் சுற்றி நின்றிருக்கிறார்கள். அவனுக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். அவன் என்ன சாப்பிடுவான் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

அவன் பேசாமல் எழுந்து நடக்க ஆரம்பித்தான்.

தெரிந்ததை மறைத்து வைத்துக்கொள்பவனை அவன் வேலைக்காக மட்டும்தான் தேடுவார்கள். மறைக்காமல் கொடுத்துவிட்டவனைத்தான் அவனுக்காகவே தேடுவார்கள்.